கிளாஸ் எண், வரைபடம், ரேடார், ஆற்றங்கரை: தை மாதத்தில் எதைப் பார்த்து முடிவெடுப்பது?

மொரிசியஸில் புயல் காலம் நவம்பரில் தொடங்கி மே மாத நடுப்பகுதி வரை நீள்கிறது. ஆனால் இந்தத் தீவு மறக்காத புயல்களின் தேதிகளைப் பாருங்கள். கரோல், 1960 பிப்ரவரி 28. ஜெர்வேஸ், 1975 பிப்ரவரி 6. ஒல்லாண்டா, 1994 பிப்ரவரி 10. தினா, 2002 ஜனவரி 22. பெலால், 2024 ஜனவரி 15. எல்லாமே தையும் மாசியும்தான். பெலால் வந்ததோ தைப் பொங்கலன்று. இந்த நாட்களின் நடுவில்தான் நமக்குத் தைப்பூசம் வருகிறது. பத்து நாள் விரதமிருந்து, விடியற்காலையில் ஆற்றங்கரையில் கூடி நீராடி, அங்கிருந்தே காவடியும் பால்குடமும் எடுத்து வெறுங்காலுடன் கோவிலுக்கு நடக்கிறோம். குழந்தைகள், கர்ப்பிணிகள், எண்பது வயதுப் பெரியவர்கள் என்று எல்லோரும் அந்தக் கரையில் நிற்கிறார்கள்.

ஆகவே வானிலை மோசமாக இருக்கும் ஆண்டில் கோவில் கமிட்டியில் எழும் கேள்வி சாதாரணமானதல்ல. யார் சொல்வதைக் கேட்டு ஊர்வலத்தை நடத்துவது அல்லது நிறுத்துவது? ஒருவர் கைபேசியில் வண்ண வரைபடத்தை நீட்டுகிறார். மற்றவர் "கிளாஸ் போட்டார்களா? போடவில்லை அல்லவா? பிறகென்ன?" என்கிறார்; கிளாஸ் என்பது நம் நாட்டின் புயல் எச்சரிக்கை எண். பக்கத்துத் தீவான ரீயூனியனின் அறிக்கைதான் துல்லியமானது என்று இன்னொருவர் அடித்துச் சொல்கிறார். மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மட்டும் "ஆற்றைப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்கிறார். நான்கு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கும் ஒரே கேள்விக்கான பதில்கள் அல்ல.

என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். காற்றுக்கு, வாக்வாவில் இருக்கும் நம் நாட்டு வானிலை நிலையத்தின் கிளாஸ் எண். அதற்கு மேல் வாதம் வேண்டாம். ஐந்து நாட்களுக்கு முன்பே ஆயத்தமாக ரீயூனியன் மையத்தின் வரைபடம். மழைக்கும் வெள்ளத்துக்கும் ரேடார் படமும், மேட்டு நிலத்திலிருந்து வரும் தொலைபேசிச் செய்தியும், ஆற்றங்கரையில் நிற்கும் ஒரு மனிதரும். ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் ஒப்படைத்தபோதெல்லாம் இந்தத் தீவில் உயிர்கள் போயிருக்கின்றன.

கிளாஸ் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். நம் எல்லோருக்கும் பழக்கமானது அது. ஆனால் அதன் உள்கணக்கு தெரிந்தவர்கள் குறைவு. அந்தக் கணக்கின் மையத்தில் இருப்பது ஒரே ஓர் அளவு: மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று வீச்சு. அப்படிப்பட்ட வீச்சு தீவைத் தாக்கக்கூடும் என்ற நிலையில், 36 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பு கிளாஸ் 1. வீச்சு வருவதற்குள் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி கிளாஸ் 2. 6 மணி நேரப் பகல் வெளிச்சம் கிடைக்கும்படி கிளாஸ் 3. அந்த வேகம் பதிவாகி, தொடரும் என்று எதிர்பார்க்கப்படும்போது கிளாஸ் 4. பிறகு பாதுகாப்பு அறிக்கை, இறுதியாக எச்சரிக்கை விலக்கு.

பகல் வெளிச்சம் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். ஒரு புயலின் 120 கி.மீ. வீச்சு அதிகாலை 5 மணிக்கு வரும் என்று கணித்தால், 6 மணி நேரம் பின்னால் போய் இரவு 11 மணிக்கு கிளாஸ் 3 போட்டுப் பயனில்லை. இருட்டில் யாரும் கூரையைக் கட்ட முடியாது. சன்னல்களுக்குப் பலகை அடிக்க முடியாது. ஜனவரியில் இங்கே சூரியன் மறைவது மாலை 7 மணி வாக்கில். ஆக, முந்தைய நாள் பிற்பகல் 1 மணிக்கே கிளாஸ் 3 வந்துவிட வேண்டும். அப்போது வெளியே லேசான காற்றுதான் இருக்கும். சில சமயம் வெயில்கூட அடிக்கும். "வெயில் அடிக்கிறது, கிளாஸ் 3 போட்டுக் கடையை மூடவைத்துவிட்டார்கள்" என்ற முணுமுணுப்பு அப்போதுதான் எழுகிறது. உண்மையில் அந்த வெயில் நமக்கென்று ஒதுக்கித் தரப்பட்ட வேலை நேரம். இந்த முறையை வகுத்தவர்கள் கூலிக்காரரின் வீட்டையும் அவருக்குத் தேவைப்படும் நேரத்தையும் மனத்தில் வைத்தே வகுத்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அதற்காகவே இந்த முறையை நான் மதிக்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "இன்னும் முழுப் புயலாகவே மாறவில்லை என்று ரீயூனியன் சொல்கிறது, இவர்கள் ஏன் கிளாஸ் 3 போடுகிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. ரீயூனியன் மையம் ஒரு புயலைத் தரம் பிரிப்பது பத்து நிமிடச் சராசரிக் காற்றை வைத்து. அந்தச் சராசரி மணிக்கு 118 கிலோமீட்டரை எட்டினால்தான் அது வெப்பமண்டலச் சூறாவளி. வாக்வா பார்ப்பது வீச்சு, அதாவது சில நொடிகளுக்கு வந்துபோகும் உச்ச வேகம். சராசரிக் காற்று 90 கிலோமீட்டராக இருக்கும் புயலிலேயே வீச்சு 120ஐத் தாண்டிவிடும். தகரக் கூரையைப் பிய்ப்பது சராசரி அல்ல, வீச்சுதான். எண்கள் ஒன்றுபோல் தெரிவதால் இரண்டையும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கும், கோவில்களில் பணிபுரியும் குருக்கள்மாருக்கும் ஒரு வார்த்தை. ஊரில் துறைமுகங்களில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை போகும். அங்கே மூன்றாம் எண் என்றால் யாரும் பதறுவதில்லை. இங்கே கிளாஸ் 3 என்றால் எவரும் தெருவில் இருக்கக் கூடாது, பஸ் ஓடாது, நான்குக்கு மேல் எண்ணே கிடையாது. புயல் சுழலும் திசையும் இங்கே வேறு. வங்காள விரிகுடாவில் இடஞ்சுழியாகச் சுழல்வது தென்கோளத்தில் வலஞ்சுழியாகச் சுழல்கிறது. ஊரில் காற்றின் திசையை வைத்துப் பெரியவர்கள் போடும் கணக்கை இங்கே அப்படியே போட்டால் புயல் இருக்கும் பக்கம் தலைகீழாகிவிடும். இங்கே காற்றுக்கு எதிர்முகமாக நின்றால் புயலின் மையம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்.

கிளாஸ் முறையின் முதுகெலும்பாகக் காற்று ஆனது தற்செயல் அல்ல. 1892 ஏப்ரல் 29 அன்று, புயல் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் நம்பியிருந்த நாளில், ஒரு புயல் தலைநகர் போர்ட் லூயிஸைத் தாக்கி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. நடுவே புயலின் கண் கடந்தபோது காற்று அடங்கியது. பிறகு எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்தது. இத்தனைக்கும் இந்தத் தீவு அப்போதே புயல் ஆராய்ச்சிக்குப் பெயர் பெற்றது. சார்லஸ் மெல்ட்ரம் முதலானோர் 1851இலேயே வானிலைக் கழகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். பாம்பிள்மூஸில் ஆய்வுக்கூடமும் இருந்தது. பிறகு 1960இல் ஜனவரியில் அலிக்ஸ், பிப்ரவரியில் கரோல். கரோலின் வீச்சு மணிக்கு 256 கிலோமீட்டர். ஓலையும் மரமும் தகரமுமாக இருந்த வீடுகள் ஆயிரக்கணக்கில் தரைமட்டமாயின. அதற்குப் பிறகுதான் அரசு வீடமைப்பு ஆணையத்தை அமைத்தது. கான்கிரீட் வீடுகள் பரவின. நம் பாட்டன் பாட்டிகள் கரும்புத் தோட்டக் குடியிருப்புகளை விட்டுக் கான்கிரீட் கூரையின் கீழ் வந்தது அந்தக் காலகட்டத்தில்தான்.

1975இல் ஜெர்வேஸின் வீச்சு 280 கிலோமீட்டர், கரோலைவிடக் கூடுதல். ஆனால் இறந்தவர்கள் கரோலைவிட மிகக் குறைவு. கான்கிரீட்டும் கிளாஸ் எண்ணும் சேர்ந்து காற்றின் கொலைத் திறனை வெகுவாகக் குறைத்துவிட்டன. இது பெரிய சாதனை. காற்றைப் பொறுத்தவரை கைபேசிச் செயலியோ வெளிநாட்டு இணையதளமோ கிளாஸ் எண்ணுக்கு மாற்றாகாது என்று நான் உறுதியாகச் சொல்வதன் காரணம் இதுதான். ஒரே அலுவலகம், ஒரே எண். கிரியோல் தெரியாதவருக்கும், பிரெஞ்சு படிக்காதவருக்கும், தொழிலாளர் விடுதியில் இருக்கும் இளைஞருக்கும் புரியும் எண்.

ஆனால் கான்கிரீட் வீடு தண்ணீரைத் தடுக்காது. சொல்லப்போனால், நிலத்தைக் கான்கிரீட்டாலும் தாராலும் மூட மூடத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல் தெருவில் ஓடுகிறது.

2013 மார்ச் 30, சனிக்கிழமை. புயல் இல்லை, ஆகவே கிளாஸ் எண்ணும் இல்லை. பிற்பகலில் போர்ட் லூயிஸின் மேல் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான நேரத்தில் 152 மி.மீ. மழை கொட்டியது. லெ பூஸ் மலையிலிருந்து நகருக்குள் இறங்கும் ரூஸ்ஸோ து பூஸ் ஓடை கரையை உடைத்துக்கொண்டு வந்தது. கோடான் அருகே நடைபாதைச் சுரங்கத்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் அங்கேயே மூழ்கினார்கள். நிலத்தடி வாகன நிறுத்தத்திலும் உயிர்கள் போயின. மொத்தம் 11 பேர். அந்தச் சுரங்கத்தில் நாம் எல்லோரும் நடந்திருக்கிறோம். சாலையைக் கடக்கச் சோம்பல்பட்டு இறங்கி, மறுபக்கம் ஏறும் சில நிமிட நடைதான் அது.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2008 மார்ச் 26 அன்று, லோலா என்ற புயலின் எச்சம் பெருமழையைக் கொட்டியபோது வெள்ளத்தில் ஒரு பள்ளி மாணவியும் இறந்தாள். பெருமழை எச்சரிக்கை பற்றி நாடே பேசத் தொடங்கியது அப்போதுதான். இன்று நாம் அறிந்த அளவுகோல் இது: 12 மணி நேரத்துக்குள் 100 மி.மீ. மழை பதிவாகி, கனமழை இன்னும் பல மணி நேரம் தொடரும் வாய்ப்பிருந்தால் பெருமழை எச்சரிக்கை. பள்ளிகளைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவுக்கு இது உதவுகிறது. ஆனால் இந்த அளவுகோலை 2013 மார்ச் 30 பிற்பகலின் மேல் வைத்துப் பாருங்கள். 100 மி.மீ. பதிவாகும் நேரத்தில் சுரங்கத்துக்குள் ஏற்கெனவே தண்ணீர் இருக்கிறது. அளந்து முடித்துச் சொல்லும் எச்சரிக்கை, மலையடிவாரத்துத் திடீர் வெள்ளத்துக்கு எப்போதும் பிந்தியே வரும். இது யாருடைய சோம்பலும் அல்ல. அளவுகோலின் அமைப்பே அப்படி.

பெலால் வந்த நாளைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். 2024 ஜனவரி 15, திங்கட்கிழமை. வேலைக்குப் போனவர்கள் போயிருந்தார்கள். புயலின் கண் ரீயூனியன் தீவைக் கடந்து, நமக்குத் தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. போர்ட் லூயிஸில் பகலிலேயே தெருக்கள் ஆறுகளாயின. கார்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மிதந்து போன காட்சிகளை உலகமே பார்த்தது. மறுநாள் வானிலை நிலையத்தின் இயக்குநர் பதவி விலகினார். பழி யாருக்கு என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. அன்று காலை வீட்டை விட்டுக் கிளம்பிய பலரும் மனத்தில் கேட்டுக்கொண்ட கேள்வி "கிளாஸ் என்ன?" என்பதுதான். மழையைப் பற்றித் தனியாகக் கேட்கும் பழக்கம் நமக்கு இல்லை. அந்தப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டும்.

இனி வரைபடங்கள். தென்மேற்கு இந்தியப் பெருங்கடலின் புயல்களுக்கு உலக வானிலை அமைப்பு நியமித்த மண்டல மையம் ரீயூனியனில் பிரெஞ்சு வானிலைத் துறையிடம் இருக்கிறது. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை புயலின் இருப்பிடம், வலிமை, ஐந்து நாள் வரையிலான பாதை ஆகியவற்றை வெளியிடுகிறார்கள். பாதையைச் சுற்றி விரியும் கூம்பு ஒன்றையும் வரைகிறார்கள். அந்தக் கூம்பைப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். புயலின் மையம் எங்கெங்கே போகக்கூடும் என்பதைத்தான் அது காட்டுகிறது. காற்றும் மழையும் அந்தக் கூம்புக்குள் அடங்கி இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. மையம் இருநூறு கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் மழைப் பட்டைகள் நம் மேல் வந்து நிற்கலாம். "கூம்பு நம்மைத் தொடவில்லை" என்று சொல்லிக்கொண்டு ஆற்றில் இறங்கக் கூடாது.

இதே புயலுக்கு அமெரிக்க இராணுவத்தின் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையமும் அறிக்கை தருகிறது. வெளிநாட்டுச் செய்திகளில் வரும் "கேட்டகரி 4" என்ற பேச்சு பெரும்பாலும் அதிலிருந்து எடுத்ததுதான். அவர்கள் பார்ப்பது ஒரு நிமிடச் சராசரி. ஆகையால் அதே புயலுக்கு ரீயூனியன் சொல்வதைவிட எண் பத்து விழுக்காடு அளவுக்குக் கூடுதலாக நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்து "ரீயூனியன் மறைக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறவர்கள், அளக்கும் முறையே வேறு என்பதைத் தெரிந்துகொண்டால் நாட்டுக்கே நல்லது. நமக்கு ஒரு மையம் போதும், அது ரீயூனியன்.

விண்டி போன்ற செயலிகள் வண்ணமயமானவை. கையில் வைத்துக்கொண்டு பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை சொந்தமாகக் கணிப்பதில்லை. ஐரோப்பிய, அமெரிக்க வானிலைக் கணினி மாதிரிகளின் கணக்கை வரைந்து காட்டுகின்றன. ஐரோப்பிய மாதிரி உலகத்தை ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரிக்கிறது. நம் தீவின் நீளம் 65 கிலோமீட்டர், அகலம் 45. போர்ட் லூயிஸ் நகரமும் அதன் பின்னால் நிற்கும் மலை வளையமும் ஓரிரு கட்டங்களுக்குள் அடங்கிவிடும். கட்டத்துக்குள் மலை சராசரியாகிவிடுகிறது. கடற்காற்று மலையில் மோதி எழும்பி, மூன்று பக்கமும் மலை சூழ்ந்த கிண்ணத்துக்குள் மழையைக் கவிழ்ப்பதை அந்தக் கணக்கால் பார்க்க முடியாது. "செயலி 20 மி.மீ. என்றுதானே காட்டியது" என்று பிறகு சொல்வதில் பயனில்லை. பத்து நாளுக்கு அப்பால் ஒரே ஒரு கணிப்பில் தெரியும் சிவப்புச் சுழலைப் படமெடுத்து அனுப்புவதும் அப்படித்தான். அடுத்த கணிப்பில் அது மடகாஸ்கருக்குப் போயிருக்கும், அல்லது காணாமலே போயிருக்கும். ஐந்து நாட்களுக்குள் வந்த பிறகு பார்ப்போம். அதுவரை அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைக்கலாம், அவ்வளவுதான்.

செயற்கைக்கோள் படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஐரோப்பாவின் மெட்டியோசாட் நம் கடலைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை படமெடுக்கிறது. மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறது என்பது தெரியும். அடியில் எவ்வளவு மழை விழுகிறது என்பது தெரியாது.

ரேடார் அப்படியல்ல. ஜப்பானின் உதவியால் கியூர்பைப்பின் ட்ரூ ஓ செர்ஃப் மலையில் அமைந்த டாப்ளர் ரேடார், மழைத்துளிகளையே தொட்டுத் திரும்பும் அலைகளை வாசிக்கிறது. ஒரு படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அடுத்தடுத்த நான்கைந்து படங்களைப் பாருங்கள். மழைப் பட்டை எந்தப் பக்கம் நகர்கிறது, ஒரே இடத்தில் நிற்கிறதா என்பதுதான் கேள்வி. நகரும் பட்டை நனைத்துவிட்டுப் போய்விடும். ஒரே மலைச்சரிவின் மேல் திரும்பத் திரும்ப முளைக்கும் மழைதான் ஆளைக் கொல்கிறது. அடுத்த ஒரு மணி நேரத்துக்கு இதைவிடச் சிறந்த கருவி நம்மிடம் இல்லை. அதற்கு மேல் அது உதவாது. ஐந்து மணி நேரத்துக்கு அப்பால் என்ன நடக்கும் என்று ரேடாரிடம் கேட்கக் கூடாது.

வீட்டுக் கருவிகளையும் ஒதுக்கிவிட வேண்டாம். சில வீடுகளில் தாத்தா காலத்துக் காற்றழுத்தமானி இன்னும் சுவரில் தொங்குகிறது. அதை நம்பலாம், ஒரு நிபந்தனையுடன். வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்கும். பிற்பகல் 4 மணி வாக்கில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்குவது வழக்கமான மூச்சுதான். இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிட வேண்டும். காலை 10 மணியோடு ஒப்பிட்டுவிட்டுப் பதறக் கூடாது. அப்படி ஒப்பிட்டும் ஐந்தாறு மில்லிபார் குறைந்திருந்தால், ஏதோ ஒன்று நெருங்குகிறது. கியூர்பைப் போன்ற மேட்டு ஊரில் ஊசி எப்போதும் தாழ்ந்தே நிற்கும். ஊருக்கேற்பத் திருத்தி வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

அதைவிட எளியது மழைமானி. பக்கங்கள் நேராக இருக்கும் ஒரு டின்னை மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வைத்தால் போதும். உள்ளே அளவுகோலை விட்டுப் பார்த்தால் நிற்கும் நீரின் உயரமே மழையின் அளவு. ஒரு மணி நேரத்தில் மூன்று சென்டிமீட்டர் நின்றால், ஒவ்வொரு சதுர மீட்டரிலும் முப்பது லிட்டர் விழுந்திருக்கிறது. ஒரு மலைச்சரிவு முழுவதும் இதே அளவு விழுந்தால் கீழே ஓடைக்கு என்ன வரும் என்று நினைத்துப் பாருங்கள். முக்கியமான செய்தி ஒன்று: இந்த டின் ஆற்றங்கரையில் இருந்து பயனில்லை. ஆறு உற்பத்தியாகும் மேட்டு நிலத்தில் இருக்க வேண்டும். நம் ஆறுகள் குட்டையானவை, சரிவானவை. மேலே வாக்வாவிலும் கியூர்பைப்பிலும் கொட்டும்போது கீழே கடற்கரை ஊரில் நட்சத்திரம் தெரியலாம். காவடிக்கு நீராடும் கரையில் மழை இல்லை என்பது ஒன்றையும் சொல்வதில்லை.

அதனால்தான் அந்தப் பெரியவரின் பேச்சை நான் கடைசியாக வைத்தேன். தண்ணீர் திடீரென்று கலங்கிச் செம்மண் நிறமாகிறது. இலையும் சுள்ளியும் நுரையும் மிதந்து வருகின்றன. கால் வைத்து நின்ற கல் மறைகிறது. மேலிருந்து ஓர் இரைச்சல் கேட்கிறது. இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலும் அதே நிமிடம் எல்லோரும் கரையேற வேண்டும்; மற்ற மூன்றுக்காகக் காத்திருக்கக் கூடாது. எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. ஆனால் இது கடைசி அரண், நிமிடங்களைத்தான் தரும். நூற்றுக்கணக்கானவர்கள் வழுக்கும் கரையில் காவடியோடு நிற்கும்போது நிமிடங்கள் போதா. ஆகையால் ஆற்றை மட்டும் நம்புவோம் என்று சொல்பவரோடும் எனக்கு உடன்பாடில்லை.

பக்கத்துத் தீவு இதை எப்படிச் செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ரீயூனியனில் புயலுக்கு எண் இல்லை, நிறம்: மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, அதற்கு மேல் ஊதா. ஊதா அறிவித்தால் மீட்புப் படையினரே வெளியே வரமாட்டார்கள். பெலால் வந்தபோது 2024 ஜனவரி 15 காலையில் அதை முதன்முறையாக அறிவித்தார்கள். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் புயலுக்கும் அறிவித்தார்கள். அங்கே வானிலைத் துறை கணித்துச் சொல்கிறது. நிறத்தை அறிவிப்பவர் அரசின் பிரதிநிதியான பிரிஃபெக்ட். கணிப்பவர் ஒருவர், நாட்டை நிறுத்துபவர் இன்னொருவர். எனக்கு அந்தப் பிரிவினை பிடித்திருக்கிறது. கணிப்பவர், தொழிற்சாலைகள் மூடினால் என்ன ஆகும் என்ற கவலையைச் சுமக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, கனமழைக்கும் இடிக்கும் கடல் சீற்றத்துக்கும் அங்கே தனித்தனிக் கண்காணிப்பு நிலைகள் உண்டு. 24 மணி நேரத்தில் 1,825 மி.மீ. மழை பெய்த உலகச் சாதனை அந்தத் தீவின் ஃபோக் ஃபோக் மேட்டில் 1966 ஜனவரியில் பதிவானது. மழையைத் தனியாகப் பார்க்க அவர்கள் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை. நாம் நம் எண்களை விட வேண்டாம். ஆனால் கிளாஸ் எண்ணைப் போலவே குழந்தைக்கும் தெரிந்த ஒரு மழை எண் நமக்கும் வேண்டும். வாக்வா அதைச் செய்ய வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

செய்தி வந்து சேரும் வழியையும் மறக்கக் கூடாது. மின்சாரம் போனபின் கைபேசி சில மணி நேரம்தான். கோபுரங்களின் பேட்டரிக்கும் ஆயுள் அவ்வளவே. பேட்டரியில் ஓடும் வானொலிப் பெட்டி இல்லாத வீடு, புயலின் பிற்பாதியில் எந்தத் தகவலும் இல்லாமல் இருக்கும். காற்று அடங்கியது விடுதலையா, கண் கடக்கிறதா என்பதைச் சொல்ல அந்த நேரத்தில் வானொலி தவிர வேறு எதுவும் இருக்காது.

ரொட்ரிக்ஸிலோ அகலேகாவிலோ உறவினர் இருப்பவர்கள், அந்தத் தீவுகளுக்குத் தனி எச்சரிக்கை என்பதை நினைவில் வைக்க வேண்டும். 2024 டிசம்பரில் சிடோ புயல் அகலேகாவைச் சிதைத்தபோது நம் தீவில் வானம் அமைதியாகத்தான் இருந்தது. சுனாமிக்கு ஒப்பீடே வேண்டாம்: சுமத்ராவிலிருந்து அலை இங்கே வர ஏறத்தாழ ஏழு மணி நேரம் ஆகிறது, அரசு சொன்னால் கரையை விட்டு மேட்டுக்குப் போக வேண்டும்.

இனி கமிட்டிக்கு. தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்பிருந்து ஒருவர் ரீயூனியன் வரைபடத்தைக் காலையும் மாலையும் பார்க்கட்டும்; வேறு எதையும் அவர் பார்க்க வேண்டாம், பரப்பவும் வேண்டாம். எந்த கிளாஸ் எண் வந்தாலும், கிளாஸ் 1 ஆனாலும், ஊர்வலம் இல்லை. விலக்கு வந்தபின் வேறு நாள் குறிக்கலாம். கனமழை பற்றிய எந்த அறிவிப்பு வந்தாலும் ஆறு இல்லை. ஆனால் கோவில் உண்டு. அன்று அதிகாலை 3 மணிக்கு மேட்டு நிலத்து உறவினர் ஒருவர் தன் டின்னைப் பார்த்துத் தொலைபேசியில் அளவு சொல்ல வேண்டும். இன்னொருவர் ரேடார் படங்களைப் பார்க்க வேண்டும். ஆற்றில் நீச்சல் தெரிந்த இருவர், கூட்டம் வருவதற்கு முன்பே மேல்வளைவில் நிற்க வேண்டும். இவர்களில் எவர் ஒருவர் "வேண்டாம்" என்றாலும் அது முடிவு. தலைவரோ செயலாளரோ அதை மாற்றக் கூடாது.

இதற்கு எதிராக வரும் வாதம் எனக்குத் தெரியும். ஆற்றில் நீராடாமல் காவடி எடுப்பதா, விரதம் என்னாவது என்பார்கள். கோவில் வளாகத்தில் குழாயடியில் குடம் குடமாக நீர் ஊற்றி நீராடிவிட்டு அங்கிருந்தே காவடியைத் தூக்கலாம். கோவிலைச் சுற்றி வலம் வந்தும் முருகனிடம் நேர்த்தியைச் செலுத்தலாம். இதை முன்கூட்டியே குருக்களிடம் கேட்டு, கொடியேற்றத்தன்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் பத்து நாள் பசியோடும் வேண்டுதலோடும் இருக்கும் ஒருவரிடம் ஆற்றங்கரையில் வைத்து முதன்முறையாக இதைச் சொன்னால் அவர் கேட்கமாட்டார். விரதம் தொடங்கும் நாளிலேயே, மாற்று இடம் எது, யார் சொன்னால் மாறும் என்பது கோவில் பலகையில் தமிழிலும் கிரியோலிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.